ஐந்தாவது ஒயர்

சாந்தோம், சென்னை-4
12 ஆகஸ்ட் 1996

திரு. ஷெல்டன் அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் வால்டரின் மனைவி என்ற உறவை வைத்து இதை எழுதவில்லை. அந்த உறவு கல்லறைத் தோட்டத்திலேயே முடிந்துவிட்டது. மோரிஸ் மைனர் வண்டி இப்போது என் பெயரில் இருக்கிறது. அதில் கடைசியாக ஒயரிங் செய்தவர் நீங்கள். அதனால் எழுதுகிறேன். விலாசம் பங்குச் சாமியார் கொடுத்தார்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். நவம்பருக்குள் காலி செய்ய வேண்டும். ஐந்து வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிற வண்டியை எங்கே கொண்டுபோவது? காந்தி நகரில் சுந்தரராமன் என்று ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழைய கார் என்றால் உயிரை விடுவார். வந்து பார்த்தார். நசுங்கிப்போன பின்பக்கத்தைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "பாடியை நான் பாத்துக்கறேம்மா. ஆனா எலக்ட்ரிகல்ல என்ன கோளாறுன்னு தெரியாம ஆத்துக்கு எடுத்துண்டு போக பயமா இருக்கு" என்றார். ராயப்பேட்டையிலிருந்து ஷரீஃப் என்ற ஆட்டோ எலக்ட்ரீஷியனை அவரே கூட்டிக்கொண்டு வந்தார்.

புது பேட்டரி வைத்தார்கள். சாவியைத் திருப்பியதும் ஃப்யூஸ் போயிற்று. இன்னொன்று போட்டார்கள், அதுவும் போயிற்று. ஷரீஃப் கையை உதறிக்கொண்டு, "எங்கியோ ஷார்ட் கீதும்மா. மொத்தத்தியும் புடுங்கிப் போட்டுட்டு புச்சா இழுத்தாதான் ஆவும். இத்த ஒயரிங் பண்ணவன் எவன்மா?" என்று கேட்டார்.

"என் கொழுந்தன்" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் வந்து ஐந்து வருஷம் ஆகிறது.

மொத்தத்தையும் பிடுங்க நான் சம்மதிக்கவில்லை. 1991 நவம்பர் 16, சனிக்கிழமை மத்தியானம், அடையாறு பாலத்தில், கொட்டுகிற மழையில் வைப்பர் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீனா, "அப்பா, வைப்பர் நின்னுடுச்சு" என்றாள். அவர் பிரேக் போட்டார். பிரேக் விளக்கு எரியவில்லை. பின்னால் வந்த லாரிக்காரனுக்கு வண்டி நின்றதே தெரியவில்லை. வைப்பருக்கும் பிரேக் விளக்குக்கும் ஒரே ஃப்யூஸ், அது எரிந்துபோயிருந்தது என்று அறிக்கையில் எழுதினார்கள். ஏன் எரிந்தது என்று ஒருவரும் எழுதவில்லை.

நீங்கள் புதன்கிழமை ஒயரிங் முடித்துக் கொடுத்த வண்டி சனிக்கிழமை என் கணவரைக் கொன்றது. எந்த ஒயர் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

டோரதி வால்டர்


போர்ட் பிளேர்
25-8-96

அன்புள்ள அண்ணிக்கு,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டீனாவின் கை முழுசாகச் சரியாகிவிட்டதா? கடைசியாகப் பார்த்தபோது மாவுக்கட்டோடு நின்றாள். இப்போது பதினேழு வயது ஆகியிருக்கும்.

நான் இங்கே ஒரு மரக்கிடங்கில் இருக்கிறேன். சரக்கு இறக்குவது, ஏற்றுவது, அடுக்குவது. ஒயர் வேலை விட்டுவிட்டேன். என் அறையில் பல்பு போனால்கூட வேறு ஆளைத்தான் கூப்பிடுகிறேன்.

ஷரீஃப் சொன்னது சரி. மொத்தத்தையும் பிடுங்கச் சொல்லுங்கள். அவர் வேலை செய்யும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள். பிடுங்கியதை அப்படியே குப்பைக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

எழுத்தில் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன். தப்பு என் வேலையில்தான். எந்த ஒயர் என்று தெரிந்து இனிமேல் என்ன ஆகப்போகிறது, அண்ணி?

ஷெல்டன்


சாந்தோம், சென்னை-4
4 செப்டம்பர் 1996

திரு. ஷெல்டன் அவர்களுக்கு,

என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கக் கூடாது. பன்னிரண்டு வயதில் நசுங்கிய வண்டிக்குள் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கியவள் என் மகள். அவள் கேட்கலாம். நான் கேட்கலாம்.

குப்பைக்கு அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு ஒன்று உறுதியாயிற்று. நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். மட்டமான ஒயர் வாங்கினீர்களா? குடித்துவிட்டு வேலை செய்தீர்களா?

நான் எட்டாம் வகுப்புக்கு மின்சுற்று நடத்துகிறவள். பத்தொன்பது வருஷமாகக் கரும்பலகையில் பேட்டரியும் பல்பும் வரைகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து நானே பானெட்டைத் திறந்தேன். ஃப்யூஸ்தானே எரிகிறது, எரியாதபடி ஒன்றைப் போட்டால் கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும் என்று நினைத்து, ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் ஒரு தடித்த செம்புக் கம்பியைச் சுற்றினேன். டீனா சாவியைத் திருப்பினாள். டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை குபுகுபு என்று வந்தது. எங்கிருந்து என்று குனிந்து பார்ப்பதற்குள் டீனா ஓடி வந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டாள். அவள் கட்டைவிரலில் கொப்புளம்.

நீங்கள் வழி சொல்லாவிட்டால் மறுபடியும் இதையே செய்வேன்.

டோரதி வால்டர்


போர்ட் பிளேர்
14-9-96

அண்ணி,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. இப்போதே தபாலாபீஸிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தயவுசெய்து வண்டியைத் தொடாதீர்கள். ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் கம்பி சுற்றுவதை என் எதிரிகூடச் செய்யக் கூடாது. கோளாறு வந்தால் ஃப்யூஸ் செத்து ஒயரைக் காப்பாற்றும். கம்பி சாகாது, வண்டிதான் எரியும். வண்டிக்குள் டீனாவை உட்கார வைத்திருக்கிறீர்களே!

நான் குடிக்கவில்லை. ஒயரும் நல்ல ஒயர்.

பிடிவாதம் பிடிக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். சரியாகக் கேளுங்கள். இந்த வண்டியில் பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்குப் போகும், மற்ற வண்டி மாதிரி மைனஸ் இல்லை. ஷரீஃப் சரியாக வைத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

ஒரு ஹெட்லைட் பல்பை எடுத்து இரண்டு ஒயர் இணைத்துக்கொள்ளுங்கள். எரிகிற ஃப்யூஸ் இருக்கிற இடத்தில், ஃப்யூஸுக்குப் பதிலாக அந்தப் பல்பை மாட்டுங்கள். சாவியைத் திருப்பினால் பல்பு பிரகாசமாக எரியும். அதற்கு அர்த்தம், கரண்டு எங்கேயோ நேராகத் தகரத்துக்குப் போகிறது. பல்பு இருப்பதால் எதுவும் புகையாது. ஃப்யூஸ் பெட்டியில் A4 என்று எழுதிய திருகில் ஒயர்கள் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றும்போது பல்பு அணைந்தால் அதுதான் கோளாறான ஒயர்.

அந்த ஒயரின் முனையில் டேப் சுற்றி ஓரமாக விட்டுவிடுங்கள். மற்றதை எல்லாம் திரும்ப மாட்டி, புது ஃப்யூஸ் போட்டால் வண்டி ஓடும். சுந்தரராமன் சார் எடுத்துக்கொண்டு போகலாம்.

ஆனால் அந்த ஒயர் எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அண்ணி, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். முனையைக் கட்டிவிட்டு பானெட்டை மூடிவிடுங்கள்.

டீனா விரலுக்கு என்ன போட்டீர்கள்?

ஷெல்டன்


சாந்தோம்
24 செப்டம்பர் 1996

ஷெல்டன்,

மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீ சொன்னபடிதான் செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. சுந்தரராமன் சாரும் வந்திருந்தார். பல்பு கண் கூசுகிற மாதிரி எரிந்தது. பின்பக்கம் நசுங்கியிருப்பதால் பிரேக் லைட் ஒயராகத்தான் இருக்கும் என்று அவர் சொன்னார். நான் கழற்றினேன். பல்பு அப்படியே எரிந்தது. ஒவ்வொரு ஒயரிலும் நீ சின்னக் காகிதம் சுற்றி எழுதியிருந்தாய். 'வைப்பர்'. 'பிரேக்'. 'சிக்னல்'. 'பெட்ரோல் முள்'. உன் குண்டுக் கையெழுத்து. நாலும் பச்சை ஒயர். நாலையும் கழற்றிவிட்டேன். பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

அந்தத் திருகில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. பச்சை இல்லை. சிவப்பும் மஞ்சளும் முறுக்கிய மெல்லிய ஒயர், திருவிழாவுக்குத் தொங்கவிடுகிற சீரியல் செட்டில் வருமே, அது. காகிதம் இல்லை. அதைக் கழற்றினேன். பல்பு அணைந்தது.

"கெட்டிக்காரிம்மா நீ" என்று சுந்தரராமன் சார் கையைத் தட்டினார். நான் உன்னை நினைத்துக்கொண்டேன். இதோ, நாலு நல்ல ஒயருக்கு நடுவில் ஒரு மட்டமான ஒயரைச் சொருகியிருக்கிறான், பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

நீ போகாதே என்று சொன்னதால்தான் போனேன். என்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கிற தகரத்தில் ஒரு ஓட்டை. ஓட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி. அந்த விளிம்பில் ஒயரின் தோல் அறுந்து செம்பு வெளியே தெரிந்தது. சுற்றிலும் கருகியிருந்தது. உள்ளே போய் டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஒயர் மேலே ஏறி, கண்ணாடிக்குக் கீழே நடு மத்தியில், வெட்டிய இரண்டு முனையோடு நின்றது. பக்கத்தில் காய்ந்த பசை, வட்டமாக.

அந்த வட்டம் எதனுடையது என்று எனக்குத் தெரியும். வேளாங்கண்ணியிலிருந்து நான் வாங்கி வந்த மாதா சொரூபம். காலடியில் நீல பல்பு எரியுமே, அது. நீ ஒயரிங் முடித்தது புதன்கிழமை. வியாழக்கிழமை நான் தெருமுனை ரேடியோ கடை மாணிக்கவாசகத்தைக் கூப்பிட்டு வந்து அதை மாட்டச் சொன்னேன். ஐந்து நிமிஷ வேலை. காபி போட்டுக் கொடுத்தேன். "எங்கேர்ந்து கரண்ட் எடுக்கட்டும் டீச்சர்?" என்று கேட்டார். "எங்கேர்ந்தாவது எடுங்க" என்றேன்.

எங்கேர்ந்தாவது எடுங்க என்று நான் சொன்னேன், ஷெல்டன்.

கடைசியாக ஒயரில் கை வைத்தது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது உன் பெயரைச் சொன்னேன். இரண்டு நாள் உன்னை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். கல்லறையில் நீ ஒரு பிடி மண் எடுத்தபோது உன் மணிக்கட்டைப் பிடித்து உதறினேன். 'கொலைகாரா' என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அப்போதெல்லாம் அந்த விளக்கு எனக்கு ஞாபகமே வரவில்லை. பொய் சொல்லவில்லை, சத்தியமாக ஞாபகம் வரவில்லை. மாதாவுக்குப் போட்ட விளக்கு எப்படிக் கோளாறாகும் என்று என் மூளை அந்தப் பக்கமே போகவில்லை போல.

விபத்துக்கு அப்புறம் போலீஸ் திருப்பிக் கொடுத்த சாமானில் அந்தச் சொரூபமும் இருந்தது. இப்போது வீட்டுப் பீடத்தில் இருக்கிறது. ஐந்து வருஷமாக அதன் முன்னால்தான் ஜெபமாலை சொல்கிறோம்.

சுந்தரராமன் சார் மற்ற ஒயரை எல்லாம் மாட்டிப் புது ஃப்யூஸ் போட்டார். வைப்பர் ஓடியது. வெயிலில், காய்ந்த கண்ணாடி மேல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நான் ஸ்டியரிங் சீட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீனாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை, "சித்தப்பாவுக்கு எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று கேட்டே ஆக வேண்டும். ஒயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள் என்று நீ ஏன் எழுதினாய்?

டோரதி


போர்ட் பிளேர்
5-10-96

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கேள்வி வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். எனக்குத் தெரியும், அண்ணி. அந்தச் சனிக்கிழமையிலிருந்தே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹாரன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். பானெட்டைத் திறந்ததும் சிவப்பு மஞ்சள் ஒயர் கண்ணில் பட்டது. தகரத்தில் ஓட்டை போட்டால் அதில் ரப்பர் வளையம் போட்டுத்தான் ஒயரை நுழைக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஆட ஆட விளிம்பு அறுத்துவிடும். வளையம் இல்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணன் சிரித்தது. "டேய், உங்க அண்ணி வேண்டிக்கினு வந்து போட்டிருக்கா. இப்போ புடுங்கினேன்னு வையி, ஒரு வாரத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருப்பா. ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சிட்டு வந்து ரப்பர் போட்டுக்கலாம், போ" என்றது.

நானும் சரி என்று போய்விட்டேன். பிடுங்க வேண்டியதில்லை, அண்ணி. வளையத்தை மாட்டினால் போதும். என் டூல் பையில் நாலு வளையம் இருந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு அன்று டிபன் சாப்பிடப் போக வேண்டும், பசி. அதனால் போய்விட்டேன்.

அதனால் நீங்கள் கொலைகாரன் என்று கத்தியபோது எனக்குப் பொய்யாகவே தோன்றவில்லை. போட்டவருக்குத் தெரியாது, போடச் சொன்ன உங்களுக்கும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன், தெரிந்துகொண்டே பானெட்டை மூடியவன்.

கல்லறையில் சொல்ல வாய் வரை வந்தது. டீனா மாவுக்கட்டோடு உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா போய்விட்டார், அம்மா போட்ட விளக்கால் போய்விட்டார் என்று அந்தக் குழந்தை கேட்க வேண்டுமா என்று தோன்றியது. அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் என்பது வரவே இல்லை. கப்பல் ஏறிவிட்டேன்.

அம்மா செத்துப்போன தந்தி இங்கே வந்தபோது நான் அழவில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை. மூத்த பிள்ளையைக் கொன்றவன் என்று நம்பிக்கொண்டே கண்ணை மூடியிருப்பாள், அவளுக்காக அழுவதற்கு எனக்கு என்ன பாத்தியதை என்று நினைத்தேன். அன்றைக்கும் சரக்கு இறக்கப் போனேன்.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். சொரூபத்தை எடுத்துவிடவும் வேண்டாம்.

ஷெல்டன்


சாந்தோம்
16 அக்டோபர் 1996

தம்பி ஷெல்டனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் எனக்கு வந்தது கோபம். அதையும் எழுதுகிறேன், இனி ஒன்றும் மறைப்பதாக இல்லை.

என்னைக் காப்பாற்றியதாக நினைத்தாயா? ஐந்து வருஷம் ஒரு தப்பும் செய்யாதவனை நான் ராத்திரி பகல் சபித்தேன். அது தெரிந்தும் பேசாமல்தானே இருந்தாய், அங்கே உட்கார்ந்துகொண்டு? குழந்தைக்காகச் சொல்லவில்லை என்கிறாய். அந்தக் குழந்தைக்கு அப்பாவும் போய், சித்தப்பாவும் போனான். டீனா உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு அப்பாவும் சித்தப்பாவும் விட்டாங்க, எங்கேர்ந்தாவது எடுங்கன்னு நீ விட்ட. இதுல யாரும்மா கொலைகாரங்க?" என்றாள். உனக்குப் பதில் தெரிந்தால் நீயே வந்து சொல்.

சுந்தரராமன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "வண்டி மேல தப்பு இல்லையேம்மா" என்றார். போன திங்கட்கிழமை தள்ளாமல், கயிறு கட்டி இழுக்காமல், தானே ஓட்டிக்கொண்டு போனார். பங்குச் சாமியாரிடமும், உன் பெரியம்மா வீட்டிலும், அன்றைக்குக் கல்லறையில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லி வருகிறேன். இன்னும் நாலு வீடு பாக்கி. சில வீட்டில் காபி கொடுக்கிறார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உன் கடிதத்தில் அத்தையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த பிறகு இதை மறைக்க முடியாது.

தொண்ணூற்று மூன்றில், போவதற்கு நாலு நாள் முன்னால், அத்தைக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைத் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்தார். "ஷெல்டன் மேல தப்பு இல்லடி. அவன் வேலையில அப்படி விட மாட்டான். எனக்குத் தெரியும். நான் பெத்தவ. அவனுக்கு எழுது, அம்மா சொன்னான்னு எழுது" என்றார். நான் வாயைத் துடைத்துவிட்டு, சரி எழுதுகிறேன் என்றேன். அடுத்த நாளும் கேட்டார், எழுதினியா என்று. எழுதிவிட்டேன் என்று சொன்னேன்.

எழுதவில்லை, தம்பி. பெற்ற பாசம், அதனால் பேசுகிறார் என்று நினைத்தேன். அந்த ஆறுதல் உனக்குக் கிடைக்கக் கூடாது என்றும் நினைத்தேன். தந்தி கொடுத்த சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. விளக்கு எனக்கு மறந்துபோனது. இது மறக்கவில்லை. தெரிந்தே வைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். அம்மா சொன்னாள்: உன் மேல் தப்பு இல்லை. அவனுக்கு எழுது.

உன் அண்ணி
டோரதி


போர்ட் பிளேர்
28-10-96

அண்ணி,

உங்கள் கடிதம் கிடங்குக்கே வந்தது. லாரி நின்றுகொண்டிருந்ததால் நின்றபடியே படித்தேன். எங்கள் மேஸ்திரி பெயர் அம்மாசி. தென்னாற்காட்டுக்காரர், முப்பது வருஷமாக இந்தத் தீவில் இருக்கிறார். நான் மரக்கட்டைமேல் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். என்னை இப்படி அவர் பார்த்ததே இல்லை.

"இன்னாப்பா, ஊர்ல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

"எங்க அம்மா" என்றேன்.

"அட கடவுளே. எப்போ?"

"மூணு வருஷம் ஆச்சு" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். லாரிக்காரனைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

புதன்கிழமை கப்பலில் இடம் வாங்கிவிட்டேன்.

ஷெல்டன்